இலக்கிய வகுப்பும் மாணாக்கர் நெஞ்சும்

செய்யுளைச் சீர் பிரித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி, பொழிப்புரையை நெட்டுருப் போடச் செய்துவிட்டால் இலக்கியம் கற்பித்தாயிற்று என்று எண்ணும் ஆசிரியர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பரீட்சையும் அவ்விதமே கேட்கிறது. இதற்கு நேர் எதிரான வழக்கம் ஒன்றும் சில வகுப்புகளில் தலைகாட்டுகின்றது. பாட்டைப் படித்தவுடன், “உனக்கு எப்படி இருந்தது?” என்பார்கள். “வருத்தமாக இருந்தது” என்பான் மாணவன். “நன்று” என்று கூறி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். முன்னதில் பிள்ளையின் நெஞ்சுக்கு இடமில்லை. பின்னதில் பாட்டுக்கே இடமில்லை.

புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாரியின் மகளிர் பாடியது, ஐந்தே அடி. போன மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் தங்களுடையதாயிருந்தது. இந்த மாதத்து நிலவில் வெற்றி முரசுடைய வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை. செய்தி இவ்வளவுதான். இதைக் கையறுநிலை என்று எழுதிப் போட்டால் மதிப்பெண் கிடைக்கும்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்பாட்டு வேறு விதமாய்க் கேட்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் லயத்தைக் காலி செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நகரத்து வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். 1942-43இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத பாட்டன்மாரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த குடும்பங்களும் உண்டு. “எங்கள் தோட்டத்து ஞாபகம் வருகிறது, ஐயா” என்று ஒரு மாணவி சொல்வாளாயின், ஆசிரியரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. “எந்தச் சொல் அந்த ஞாபகத்தைத் தந்தது, அம்மா?” என்று அவர் கேட்க வேண்டும். அவள் மீண்டும் பாட்டைப் பார்ப்பாள். அழுகை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நிலவு மாறவில்லை, ‘அ’ என்னும் சுட்டு ‘இ’ ஆயிற்று, அவ்வளவே. முதலில் தந்தையைச் சொல்லிப் பின் குன்றைச் சொன்னவர்கள், இழப்பைச் சொல்லும்போது குன்றை முன்வைத்துத் தந்தையைக் கடைசியில் நிறுத்துகிறார்கள். ஏன்? சொல்ல நா எழாததைக் கடைசி வரை தள்ளிப்போட்டார்களோ என்று அவளே கேட்கக்கூடும். இவ்வொரு கேள்விக்காக ஒரு பாடவேளை முழுதும் செலவானால் நாம் வருந்தமாட்டோம்.

“இதில் என்ன இருக்கிறது?” என்று அலுத்துக்கொள்ளும் பையனையும் இதே வழியில் நடத்தலாம், அவனது அலுப்பும் ஓர் உணர்ச்சியே. எனினும், பிள்ளையின் வீட்டுத் துயரைப் பலர் நடுவே கிளறிக் கண்ணீர் வரவழைப்பது கற்பித்தலாகாது. அவள் சொன்ன அளவே போதும்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் ஒதுக்கக்கூடும். அமெரிக்கரான லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் வெளியிட்ட நூலில், வாசகரின் உணர்ச்சியைத் தொடக்கமாகக் கொண்டு நூலுக்கே திரும்பிச் செல்லும் முறையை வலியுறுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்து, எட்டு மெய்ப்பாடு கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நந்நான்கு காட்டியிருக்கிறது. அழுகை பிறக்கும் களங்களில் இழவும் உண்டு, வறுமையும் உண்டு. ‘என்ன உணர்ச்சி’ என்பதோடு நில்லாமல் ‘எதனால்’ என்று கேட்ட மரபு நம்முடையது. அதைச் சூத்திரமாக ஒப்பிக்க வைத்தோமேயன்றி வகுப்பில் பயன்படுத்தினோமில்லை.

வெகுளியும் எட்டில் ஒன்றாயிற்றே! சிலப்பதிகாரம் படிக்கும் மாணவன், “அரசன் தவறினான்; ஊர் ஏன் எரிய வேண்டும்?” என்று சினந்தால், பத்தினியைப் பழிக்காதே என்று வாயடைக்கிறோம். வஞ்சினமாலையைத் திறந்து காட்டினால் என்ன? யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று கண்ணகி தீக்கடவுளுக்குச் சொல்வது அங்கே இருக்கிறது: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி. அவன் ஐயம் காப்பியத்துக்குள்ளேயே எழுந்த ஐயந்தான் என்பதை அவன் காண்பான். அந்த வரிசையில் முதலில் நிற்பவர் யார், உழைத்துண்ணும் குடிகள் எங்கே என்று மேலும் கேட்பானாயின், அதற்கும் வகுப்பில் இடமிருக்க வேண்டும்.

மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் ஒரு பாடமாக இருக்கிறது. கண்ணகியோடு மாறுபட்டு, அதற்குக் காப்பியத்திலிருந்தே சான்று காட்டி ஒரு மாணவன் விடை எழுதினால், திருத்துவோர் அவனுக்கு எவ்வளவு இடுவார்கள்? வினாத்தாள் அமைப்போர் இதற்கு விடை கூறுவார்களாக.