முதற்சீர் மாறிய கீதம்

ஆனந்த சமரக்கோன் 1940ஆம் ஆண்டில் இயற்றி இசையமைத்த பாடலே 1951ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய கீதமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் சாந்திநிகேதனத்திற் பயின்றவர். நாட்டைத் தாயாக உருவகித்து வணங்கும் அப்பாடலின் போக்கில் அப்பயிற்சியின் சாயலைக் காணலாம்.

ஐம்பதுகளில் பிரதமர் இருவர் அடுத்தடுத்து மறைந்தமைக்குக் கீதத்தின் தொடக்கக் கணமே காரணமென்ற கூற்று எழுந்தது. நம் பாட்டியல் நூல்களும் முதன்மொழிக்கு மங்கலம் முதலாய பத்துப் பொருத்தங்களை வகுத்துள்ளமையால், இந்நம்பிக்கையைச் சிங்களவர்க்கே உரியதென நாம் நகைத்தல் பொருந்தாது. ஆயினும் பாட்டுடைத் தலைவனுக்காக வகுக்கப்பட்ட விதியைக் கொண்டு கவிஞனின் சொல்லை அரசு திருத்துவது வேறு. 1961இல் சமரக்கோனின் எதிர்ப்பையும் மீறி, 'நமோ நமோ' என்ற தொடக்கம் நீக்கப்பட்டு நாட்டின் பெயர் அவ்விடத்தில் வைக்கப்பட்டது.

இம்மாற்றத்தால் விளைந்த இழப்பு யாப்பிலேயே தெரிகிறது. முன்னையது குறிலிணைந்த நெடிலாய் இருமுறை எழுந்து தாழும் நிரையசை. பின்னையதோ நேரசைகள் மூன்றின் அடுக்கு. வணக்கத்துடன் தொடங்கிய பாடல் விளிப்பெயருடன் தொடங்கலாயிற்று. அதே பெயர் அடுத்த தொடரிலும் வருவதால் கூறியது கூறலும் நேர்ந்தது. அமங்கலமெனப்பட்ட சொல்லோ பாடலின் உள்ளே பன்முறை ஒலித்துக்கொண்டேயிருக்கிறது! தொடக்கத்து வணக்கத்தின் எதிரொலியாக அமைந்த அவ்வரி, இன்று மூலக்குரலை இழந்த எதிரொலியாக நிற்கிறது. சமரக்கோன் 1962 ஏப்ரிலில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அதற்கு இதுவொன்றே காரணமெனத் துணிதல் தகாது. எனினும் இம்மாற்றத்தால் அவர் பெரிதும் மனம் நொந்திருந்தார் என்பது அறியப்பட்டதே.

தமிழ்ப் பாடத்தை ஆக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி. பிறர் வகுத்த மெட்டுக்குள் நின்று சொல்ல வேண்டியிருந்தமையால் அவர் பணி மூலக்கவிஞனின் பணியினும் இடர்மிக்கது. ஆங்காங்கே வடசொல் மிகினும், பாடுவோர்க்கு மூச்சுத் தடைப்படாத நடையது அது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ் வாசகத்திலும் கீதம் தமிழிலேயே இடம்பெற்றது. மூலத்தில் இனப்பெயரோ சமயப்பெயரோ இல்லை. அனைவரும் ஒரே அன்னையின் மக்கள் என்பதே அதன் பொருள். அப்பொருளைத் தமிழில் பாடுதல் கூடுமா என்பதே நெடுங்காலம் சர்ச்சையாயிற்று. 2016 பெப்ரவரி 4இல் அரச சுதந்திர தின விழாவில் தமிழ்ப் பாடமும் பாடப்பட்டது. 2020ஆம் ஆண்டு விழாவில் அது ஒலிக்கவில்லை.