முதலமைச்சர்: சொல்லும் பொருளும்

மாநில அரசின் தலைவரை முதலமைச்சர் என்கிறோம். ஆனால் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு பாடும் புலவரோ மன்னராகவே வைத்துப் பாடுகின்றனர். செங்கோல், வெண்கொற்றக்குடை, அரியணை, மணிமுடி என்னும் சொற்கள் வாழ்த்துப் பாக்களிலும் பாராட்டு மலர்களிலும் தடையின்றிப் பயில்கின்றன. கட்டுரையாளர் சிலரும் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அதன் இலக்கணம் இன்ன முதலமைச்சர்பால் நிரம்ப அமைந்துள்ளதெனக் காட்டி மகிழ்கின்றனர். இவ்வொப்புமை பொருந்துமா என்பதை ஆராய்தலே எம் நோக்கம். யாம் ஈண்டு ஆராய்வது ஆட்சிகளையன்று; ஆட்சியாளரைக் குறித்து வழங்கும் மொழியையே என்க.

முதற்கண் பெயரின் வரலாற்றை நோக்குவாம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணங்களில் இரட்டையாட்சி ஏற்பட்டது. அம்முறையில் 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஏ. சுப்பராயலு ரெட்டியார். அவர்க்கும் அவர் தோழர்க்கும் மாற்றப்பட்ட துறைகள் மட்டுமே உரியனவாயின; ஏனையவை ஆளுநர்பாலே நின்றன. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 1937இல் இராசாசி அமைச்சரவை அமைத்தபோது, மாகாண அமைச்சரவையின் தலைவரைப் 'பிரீமியர்' என்றும் 'பிரதமர்' என்றும் வழங்கினர். 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிரதமர் என்னும் பெயர் ஒன்றியத் தலைவர்க்கே உரியதாக, மாநிலத் தலைவர் முதன்மந்திரியாகவும் முதலமைச்சராகவும் ஆயினர். காசுமீரத்தில் மட்டும் 1965 வரை பழைய பெயரே நிலைத்திருந்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பிரதமர் என்பது முதன்மைப் பொருள் தரும் 'பிரதம' என்னும் வடசொல்லின் வழிவந்தது. முதல்வர் என்பதன் பொருளும் அதுவே. ஆகவே தமிழ் வழக்கில் ஒன்றியத் தலைவரும் மாநிலத் தலைவரும் பொருளால் ஒரே பெயரினர். மொழியால் மட்டுமே வேறுபட்டனர். அதிகாரப் பங்கீட்டைச் சொற்பொருள் காட்டவில்லை, வழக்கே காட்டுகின்றது.

இனி, முதலமைச்சர் என்னும் தொடரின் பொருளைக் காண்பாம். அமைச்சர் என்னும் சொல் 'அமை' என்னும் பகுதியினின்று பிறந்ததென்பாரும், 'அமாத்திய' என்னும் வடசொல்லின் திரிபென்பாரும் உளர். எவ்வாறாயினும் வினைக்குரியாரையன்றி உரிமைக்குரியாரை அச்சொல் குறிப்பதில்லை என்பது ஒருதலை. 'முதல்' என்பதோ அவ்வமைச்சருள் ஒருவர்க்கு முன்னிடம் தருகின்றது. எனவே முதலமைச்சர் என்பார் அமைச்சருள் முதலாயவரேயன்றி, அமைச்சர்க்கு மேற்பட்ட வேறோர் இனத்தவர் அல்லர்.

ஆயின் வழக்கில் நிகழ்ந்தது யாது? முதலமைச்சர் என்பது சுருங்கி முதல்வர் என்றாயிற்று. செய்தித்தாளின் தலைப்பில் இடம் சுருங்கியதாலோ, பேச்சின் விரைவாலோ இச்சுருக்கம் நேர்ந்திருக்கலாம், அதில் குற்றமில்லை. எனினும் பணியைக் குறித்த பாதி உதிர்ந்து, தலைமையைக் குறித்த பாதி எஞ்சிற்று என்பதைக் காணாதிருத்தல் இயலாது. முதல்வன் என்பது சைவ நூல்களில் இறைவனுக்கு வழங்கும் பெயருமாகும். சொல்லில் உறங்கிக் கிடந்த அவ்வுயர்வு புகழ்ச்சிப் பாடலில் விழித்தெழுந்து, அமைச்சரை மன்னராக்கி, சிலவிடத்துத் தெய்வமாகவும் ஆக்கிற்று.

சட்டம் கூறும் நிலையோ இதனின் வேறு. அரசியலமைப்புச் சட்டத்தின் 163ஆம் உறுப்பு, ஆளுநர்க்கு உதவவும் அறிவுரை கூறவும் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை இருத்தல் வேண்டும் என்கின்றது. 164ஆம் உறுப்பு, அவ்வமைச்சரவை கூட்டாகச் சட்டமன்றப் பேரவைக்குப் பொறுப்புடையது என்கின்றது. ஆளுநர் தம் விருப்புரிமைப்படி செய்யத்தக்க சிலவொழிய ஏனையவற்றில் அமைச்சரவையின் அறிவுரைவழியே நடத்தல் வேண்டும் என்பதை 1974இல் சம்சேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. ஈண்டு 'அறிவுரை' என்னும் சொல் வள்ளுவர் காலத்துப் பொருளினின்று பெயர்ந்துவிட்டது. பண்டை அமைச்சர் கூறியதை ஏற்றலும் தள்ளலும் வேந்தன் விருப்பம். இன்றைய அமைச்சரவையின் அறிவுரையோ பெரும்பாலும் முடிவேயாகும்.

அங்ஙனமாயின், முடிவு செய்வார் அவரே என்பதனால் முதலமைச்சரை மன்னர் எனலாமே என்பார்க்கு யாம் கூறுவது: மன்னன் இருக்கை பிறப்பால் வருவது, முதலமைச்சர் இருக்கை அவையால் வருவது. அவையின் நம்பிக்கை நீங்கின் அவரும் நீங்குவர். 1959 ஜூலை 31இல் கேரளத்தில் ஈ. எம். எசு. நம்பூதிரிப்பாடு அமைச்சரவை பேரவையில் பெரும்பான்மை பெற்றிருந்தும் கலைக்கப்பட்டது. 1984 ஆகத்தில் ஆந்திர முதலமைச்சர் என். டி. இராமாராவ் ஆளுநரால் நீக்கப்பெற்று, ஒரு திங்களில் மீண்டும் பதவி ஏற்றார். இத்தகைய நிகழ்ச்சிகள் எழுப்பிய வினாவுக்கு 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு விடை தந்தது. பெரும்பான்மையை அளந்தறியும் இடம் ஆளுநர் மாளிகையன்று, அவையே என்பது அவ்விடை. ஆளுநரால் நீக்கப்பட்ட முதலமைச்சர்க்கு அரணாவது முடியோ கோலோ அன்று, அவையே அரண்.

ஆகவே குறளில் அவர்க்குரிய பகுதி யாதென வினவின், இறைமாட்சியன்று. அமைச்சு முதல் அவையஞ்சாமை ஈறாகவுள்ள பத்து அதிகாரங்களே என்போம். சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை, அவையறிதல் ஆகிய தலைப்புகளை நோக்குவார்க்கு இதன் பொருத்தம் தானே விளங்கும். அப்பகுதியில் ஒரு கடமை வற்புறுத்தப்படுகின்றது. வேந்தன் அறிந்தார் சொல்லை அழித்துத் தானும் அறியாதவனாயினும், உறுதியை எடுத்துக் கூறுதல் உடனிருப்பான் கடன் என்பதே அது. முதலமைச்சர்க்கு வேந்தன் நிலையில் நிற்போர் மக்கள். அவர்க்கு இனிப்பதை விடுத்து உறுதி பயப்பதைக் கூறும் கடமை அவர்பாலது.

எதிர்வாதிகள் கூற்றில் ஓர் உண்மையும் உண்டென்பதை மறைத்தல் நேர்மையன்று. ஏனைய அமைச்சரை முதலமைச்சர் அறிவுரைப்படியே ஆளுநர் அமர்த்துகின்றார். ஆகவே அவரொடு அமர்ந்திருப்போர் பதவிக்கு அவரையே நோக்குகின்றனர். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்பின், கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் தம் இடத்தையே இழக்க நேரும். ஒத்தாருள் முதல்வர் என்னும் பழங்கருத்து இவற்றால் மெலிந்தது. முதலமைச்சர் ஆற்றலில் மன்னரை நெருங்கிவிட்டார் என்று ஒருவர் கூறின் அதனை எளிதில் மறுத்தல் இயலாது. ஆனால் அவ்வாற்றல் வளர்ந்துள்ளமையே புலவர் அடங்கிப் புகழ்தற்குக் காரணமாகாது. விழித்திருந்து உரைத்தற்கே காரணமாகும். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. மன்னர் என்றே பாடுவோர் இதனையும் சேர்த்தன்றோ பாடுதல் வேண்டும்?

பாடாண் திணை புகழ்ச்சி ஒன்றிற்கே உரியதென்று எண்ணுதலும் பிழை. செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து என்பனவும் அத்திணைக்குரிய துறைகளே. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரிகொள்ளும் நெறியை உணர்த்திய புறநானூற்று 184ஆம் பாட்டு செவியறிவுறூஉத் துறையைச் சார்ந்தது. சிறு நிலத்து விளைவையும் அறுத்துக் கவளமாக்கி ஊட்டின் யானைக்குப் பல நாட்கு உதவும். யானை தானே புகுந்துண்பின் வாய்புகுவதினும் கால் மிதித்துக் கெடுப்பதே மிகும் என்பது அவர் காட்டும் உவமை. அப்பாட்டில் மற்றொரு கூறும் உண்டு. தகுதி அறியாது ஆரவாரிக்கும் சுற்றத்தையும் புலவர் கடிந்துரைக்கின்றார். முதலமைச்சரை முடிமன்னர் என வாழ்த்தும் இற்றைப் பாவலர், தாம் பிசிராந்தையார் மரபினரா, அவர் கடிந்த சுற்றத்தின் மரபினரா என்று தம்மையே வினவிக்கொள்ளுதல் நன்று.

மன்னன் என்று ஒருவரை அழைப்பவர் தம்மைக் குடி என்று அழைத்துக்கொள்கின்றார். வாக்குரிமையுடைய குடிமகன் என்னும் நிலை அவ்விடத்தே மறைகின்றது. தொடரின் பிற்பாதி உதிர்ந்ததால் வந்த இழப்பு முதலமைச்சர்க்கன்று, நமக்கே. ஆகவே வழக்கில் முதல்வர் என்பது நிலைபெறினும், எழுத்தில், சிறப்பாக ஆராய்ச்சி எழுத்தில், முதலமைச்சர் என்னும் முழுப்பெயரையே வழங்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.