பள்ளிக்கூடத்துப் பத்திரிகை

பள்ளிப் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையை யாரும் விமரிசிப்பதில்லை. பாராட்டுவார்கள், பரிசளிப்பு விழாவில் மேஜைமேல் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவார்கள். வரிக்கு வரி படித்து, இது தேறும், இது தேறாது என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் எழுதியதை அப்படிப் படிப்பது ஈவிரக்கமில்லாத காரியம் என்று நினைக்கிறார்கள் போலும். படிக்காமலே புகழ்வதில் என்ன ஈவிரக்கம் இருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை.

மீன்சுருட்டியில் சில மாணவர்கள் நடத்திய பத்திரிகையின் மூன்று இதழ்கள் என்னிடம் வந்தன. கூடவே, ஆசிரியனாக இருந்த பையன் தன் பத்திரிகை அனுபவத்தைப் பற்றி எழுதிய நாலு பக்கக் கட்டுரையும் வந்தது. பையன் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்ல உத்தேசமில்லை.

முதல் இரண்டு இதழ்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ராஜேந்திர சோழன் கங்கை கொண்டது, மாணவர் கடமை, மரம் வளர்ப்போம், திரும்பவும் ராஜேந்திர சோழன். கங்கைகொண்டசோழபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இதைத் தவிர்க்க முடியாதுதான். ஆனால் எழுதியவன் கோயிலுக்குப் போய்ப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. பாடப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். கோயிலின் மதிற்சுவரை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டுபோய் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அந்த அணைக்கரை வழியாகத்தான் இவர்கள் கும்பகோணம் போய் வருகிறார்கள். அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1990-களில் ஜயங்கொண்டம் பக்கத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று நிலம் எடுத்தார்கள். வருஷக்கணக்காய்த் திட்டம் வரவே இல்லை. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் படிக்காமலா இருப்பார்கள்? அதைப் பற்றியும் மூச்சு விடவில்லை. பெரியவர்கள் மேடையில் பேசுவதை அப்படியே சின்னக் கையெழுத்தில் எழுதி வைத்தால் அது பத்திரிகை ஆகிவிடாது.

மூன்றாவது இதழ் அப்படியில்லை. அதில் இரண்டு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழித்த இடத்தில் ஒரு மரத்தின் படம். கிழிந்தது ஒரு பஸ்ஸைப் பற்றிய செய்தி. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றி வருகிற காலை பஸ் நேரத்துக்கு வருவதில்லை, அவர்களுக்கு முதல் பீரியட் கணக்கு போய்விடுகிறது என்று எழுதியிருந்தான். தலைமையாசிரியர் எடுக்கச் சொல்லிவிட்டார். பையன் நகல் வைத்திருந்ததால் எனக்குப் படிக்கக் கிடைத்தது.

அவனுடைய அனுபவக் கட்டுரை பெரும்பாலும் இந்தக் கிழிபட்ட தாளைப் பற்றியதுதான். உண்மைக்காகத் தண்டிக்கப்பட்டவன் என்ற தோரணை வரிக்கு வரி தெரிகிறது. எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. செய்தியில் ‘தினமும்’ என்று எழுதியிருக்கிறான். எண்ணிப் பார்த்தது மூன்று நாள். கண்டக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமையாசிரியர் எடுத்தது தப்பு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதனால் செய்தி சரியாகிவிடுமா?

இதே வழக்கு வேறு உருவத்தில் அமெரிக்காவில் நடந்தது. மிசௌரி மாகாணத்து ஹேஸல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்று ஒரு மாணவர் பத்திரிகை. 1983-இல் தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை நிறுத்தினார். மாணவிகள் கருவுறுவது பற்றி ஒரு கட்டுரை, பெற்றோர் விவாகரத்து பற்றி ஒன்று. மாணவிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1988-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு மூன்று என்று பள்ளியின் பக்கம் தீர்ப்பாயிற்று. எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பானதல்ல; பாடதிட்டத்தோடு சேர்ந்த பத்திரிகை என்றால் பள்ளி நிர்வாகம் கைவைக்கலாம் என்று அது கதவைத் திறந்துவிட்டது. இருந்தாலும் அந்தத் தலைமையாசிரியர் சொன்ன ஒரு காரணத்தை ஒதுக்க முடியவில்லை. விவாகரத்துக் கட்டுரையில் ஒரு பெண் தன் தகப்பனைக் குறை சொல்கிறாள். தகப்பனைக் கேட்டீர்களா என்றார். அவர் பார்த்த பிரதியில் அவள் பெயர் இருந்தது. பிறகு ஆசிரியர் பெயரை நீக்கிவிட்டது அவருக்குத் தெரியாது.

பெரியவர்கள் வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும். வார்ஸாவில் யானுஷ் கோர்ச்சாக் 1926-இல் ‘சின்ன விமரிசனம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். ஒரு யூத நாளிதழின் இணைப்பு, எழுதினவர்கள் குழந்தைகள். 1939-இல் யுத்தம் மூண்ட நாள் வரைக்கும் வந்தது. குழந்தையின் புகாரும் செய்திதான் என்று அச்சுக்கு அனுப்ப ஒரு பெரிய மனிதர் அங்கே இருந்தார்.

நம்மவர்களிடம் கையெழுத்துப் பத்திரிகை என்று சொன்னால் உடனே திருவாரூரைச் சொல்வார்கள். மு. கருணாநிதி மாணவராயிருந்தபோது ‘மாணவ நேசன்’ நடத்தினார். 1942 ஆகஸ்டில் 18 வயதில் ‘முரசொலி’யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கினார். சரிதான். ஆனால் பின்னால் வரப்போகும் பெருமைக்கு முன்னுரையாகத்தான் அதைச் சொல்கிறார்கள். பின்னால் ஒன்றுமே ஆகாமல் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிற பையன் நடத்தினால், அதற்கு மதிப்பில்லையா? பள்ளிக் கல்வித் துறை 2022-இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பிள்ளைகளுக்கு இதழ்கள் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மாநிலம் முழுவதற்கும் போகிற இதழில் மீன்சுருட்டிக் காலை பஸ் ஏற முடியாது. அதற்கு நாற்பது பக்க நோட்டுதான் லாயக்கு.

பையனுடைய கட்டுரையில் என்னை நிறுத்திவைத்த இடம் ஒன்று உண்டு. அவன் அதை மூன்றே வரியில் ஓடிவிட்டான். அதே பஸ்ஸில் சத்துணவுக்கூடத்துச் சமையல்காரம்மாவும் வருகிறார். பஸ் எந்தெந்த நாளில் வரவில்லை என்று விரல்விட்டுச் சொன்னவர் அவர்தான். சொல்லிவிட்டு, “தம்பி, எழுதறதை எழுதிக்க, எம் பேரை மட்டும் போட்டுடாத” என்றாராம். பஸ் தாமதம் என்றால் தானும் வேலைக்குத் தாமதம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற கணக்கு அந்த அம்மாளுக்கு இருக்கிறது, பத்திரிகாசிரியனுக்கு இல்லை. தண்டனை, தியாகம் என்று மூன்று பக்கம் எழுதினவன் இங்கேயல்லவா நின்றிருக்க வேண்டும்?

பையன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான். நகலில் அவர் பெயர் இல்லை. ‘நம் பள்ளிச் சமையல்காரம்மா’ என்றுதான் போட்டிருக்கிறான். அந்தப் பள்ளியில் சமையல்காரம்மா ஒருவர்தான்.