கை கம்பளியில், காது கதையில்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ரெய்க்யவிக் நகரில் சூரியன் எழவே காலை 11 மணி தாண்டிவிடும். மாலை 3.30 மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஐஸ்லாந்தில் குளிர்காலம் என்பது இந்த இருட்டும் கூடவே வீசும் காற்றும்தான். தெர்மாமீட்டர் காட்டும் எண் இரண்டாம்பட்சம். இந்த இருட்டைக் கடக்க அந்த மக்கள் ஒரு கலையை நூற்றாண்டுக்கணக்கில் பேணி வந்தார்கள். அதன் பெயர் ‘க்வோல்ட்வாகா’. மாலை விழிப்பு என்று சொல்லலாம்.

குளிருக்குப் புத்தகம் என்றதும் நமக்கு ஒரு போர்வை, ஆவி பறக்கும் காப்பி, யாரும் வராத மூலை என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் பிடித்த சுகம்தான். ஆனாலும் குளிர்கால வாசிப்பின் உச்சம் எது என்று கேட்டால் க்வோல்ட்வாகாவைத்தான் சொல்வேன். ஒரே புத்தகம், ஒரே குரல், கேட்பதற்கு வீடு முழுக்க ஆட்கள்.

பண்ணை வீட்டில் அதற்கான அறை ‘பாத்ஸ்தோவா’. புல்லோடு பெயர்த்தெடுத்த மண்கட்டிகளை அடுக்கிய தடித்த சுவர்கள். சுவரோரமாகக் கட்டில்கள், உட்காருவது, உண்பது, ஒரு கட்டிலுக்கு இருவராகப் படுப்பது எல்லாம் அவற்றில்தான். மரம் அரிதான நாடு என்பதால் பல வீடுகளில் இந்த அறைக்கு நெருப்பே கிடையாது. ஆட்களின் உடல் சூடுதான் அறையின் சூடு. சில பண்ணைகளில் கீழே மாடுகளைக் கட்டி, மேலே மனிதர்கள் இருந்தார்கள்.

அந்தி சாய்ந்ததும் எல்லோரும் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். அந்த நேரத்து எண்ணெய் மிச்சம். எழுந்த பிறகுதான் விளக்கு. சுறா ஈரலையும் மீன் ஈரலையும் உருக்கிய எண்ணெய். சதுப்பு நிலத்தில் வளரும் பஞ்சுப்புல்லின் வெள்ளைப் பஞ்சைத் திரித்த திரி. புகையும் மீன்வாடையுமாக எரியும் அந்தச் சுடருக்குப் பக்கத்தில் வாசிப்பவர் உட்காருவார். மற்றவர்கள் கம்பளியைச் சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், காலுறை பின்னுவார்கள். பழகிய விரல்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டாம். இருக்கும் வெளிச்சம் புத்தகத்துக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

வாசித்தவை பெரும்பாலும் சாகாக்கள். 13ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கன்றுத்தோலில் எழுதி வைத்த கதைகள். பின்னாளில் பண்ணைக்காரர்களே காகிதத்தில் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். ‘ரீமூர்’ என்னும் நெடும்பாட்டுகளை ராகமிட்டுச் சொல்லத் தெரிந்த வழிப்போக்கர் வந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் நிச்சயம்.

சாகாவின் நடை இந்த அறைக்காகவே வார்த்தது போல இருக்கும். ஆள் வரும்போதே இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்று சொல்லிவிடும். காதால் கேட்பவர் பின்பக்கம் புரட்டிப் பார்க்க முடியாதல்லவா? மனசுக்குள் என்ன ஓடியது என்று விளக்காது. என்ன செய்தான், என்ன சொன்னான், அவ்வளவுதான். மீதியைப் பின்னிக்கொண்டிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நியால் சாகாவில் ஓர் இடம். மூன்றாண்டுகளுக்கு நாடுகடத்தப்பட்ட குன்னார் கப்பலேறப் போகிறான். வழியில் குதிரை இடறுகிறது. கீழே குதித்தவன் தன் வீடிருக்கும் மலைச்சரிவைத் திரும்பிப் பார்க்கிறான். விளைந்த வயலும் அறுத்த புல்வெளியும் கண்ணில் படுகின்றன. போகவில்லை, திரும்பிவிடுகிறான். திரும்பினால் சாவு என்று அவனுக்கும் தெரியும். வெளியே பனி அப்பிக் கிடக்கும் ஜனவரி இரவில், புல்லறுத்துக் காய்த்த கைகளோடு இதைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த இருட்டறைக்குள் ஒரு கோடைக்காலமே ஒரு குரலில் வந்து இறங்கியிருக்கும். தனியாகக் கண்ணால் படிக்கிற எனக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

1930இல் தேசிய வானொலி வந்தது; அறைகளும் மாறின; க்வோல்ட்வாகா மெல்ல மறைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதிப் பொருட்கள் அருகி, காகிதம் மட்டும் கிடைத்ததால், கிறிஸ்துமஸ் பரிசு என்றால் புத்தகம் என்றாயிற்று. இன்றும் டிசம்பர் 24 இரவு பரிசைப் பிரித்ததும் புத்தகத்தோடு படுக்கைக்குப் போகிறார்கள். அழகான வழக்கம். ஆனால் ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு விளக்கு.

போன மார்கழியில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நியால் சாகாவைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டைச் சுற்றிவளைத்த எதிரிகளோடு குன்னார் போராடுகிறான். வில்லின் நாண் அறுந்துவிடுகிறது. நாண் திரிக்க உன் கூந்தலில் இரண்டு கற்றை கொடு என்று மனைவி ஹால்கெர்டிடம் கேட்கிறான். முன்னொரு நாள் அவன் கன்னத்தில் அறைந்ததை நினைவூட்டி, அவள் மறுத்துவிடுகிறாள்.

அம்மாவின் கை நின்றது.

“அந்த ஒரு அறைய இத்தன வருசமா மனசுல வச்சிருந்தாளாடா?”

“ஆமாம்மா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாதி உருவிய காம்பு விரலிடுக்கிலேயே இருந்தது.

“சரி, மேல படி.”