ஆளில்லாத தீவுகள்

ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு ஆனதை ஒட்டி, 2025 ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவிழா நடந்தது. பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியானது. 'பொன்னியின் செல்வன்' படங்கள் ஏற்கெனவே மூட்டிவிட்டிருந்த சோழக் காய்ச்சலோடு இதுவும் சேர்ந்துகொள்ள, சாண்டில்யனின் 'கடல் புறா' மறுபடியும் கைக்குக் கை மாறுகிறது. ராஜபாளையத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றி நான் குறை சொன்னபோது நண்பர் ஒருவர் மறித்தார்: "கதையைக் கதையாப் படிங்க அண்ணாச்சி. சுமத்ராக்காரன் என்ன நினைச்சான்னு அதுக்குள்ள போய்த் தேடலாமா?"

தேடத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

சாண்டில்யனின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. குமுதத்தில் தொடர் வந்த நாட்களில், லதாவின் ஓவியங்களோடு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலையையும் மில் சங்கையும் தவிர வேறொன்றும் அறியாத ஊர்க்காரனுக்கு மலாக்கா நீரிணையின் வரைபடத்தை மனப்பாடம் ஆக்கிவிட்டவர் அவர். பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கும் அந்த ஓட்டம் இன்றைக்கும் கீழே வைக்க விடாது. சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயத்து அரியணைப் போட்டியையும் அவர் விட்டுவிடவில்லை. குணவர்மன் சோழ உதவி தேடி வருகிறான். அவன் மகள் காஞ்சனாதேவி நாயகிகளில் ஒருத்தி.

ஆனால் உதவி கேட்டதோடு குணவர்மன் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் தீவுகளில் எது நடந்தாலும் அதை நடத்துபவன் நாயகன் இளையபல்லவன். கோட்டைகள் அவன் வந்து பிடிப்பதற்காகக் காத்துக் கிடக்கின்றன; தீவுத் தலைவர்களின் சூழ்ச்சி அவன் முறியடிப்பதற்கென்றே பின்னப்படுகிறது; காஞ்சனாதேவியும் இன்னொரு நாயகி மஞ்சளழகியும் அவன் வரவுக்கு ஏங்குகிறார்கள். சோழன், கலிங்கன், சீனன், அரபியன் என்று வெளியார் எல்லாருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. மண்ணின் மக்களுக்கு மட்டும் அது இல்லை. ஆட்டப் பலகையில் கட்டங்களை வாங்கிப் போடுவதுபோல் தீவுகள் கை மாறுகின்றன. சாண்டில்யனுக்குப் பின் சோழக் கடல்கதை எழுதியவர்களில் நான் படித்த அத்தனை பேரும் இதே பலகையில்தான் ஆடினார்கள்.

இதற்கான பழியைச் சோழரின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி மேல் போட முடியாது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம் தொடங்கிக் கடாரம் வரை 13 இடங்களை வரிசைப்படுத்துகிறது. வென்றவன் தன் புகழுக்கு எழுதிக்கொண்டதுதான். ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் அடைமொழி தந்தே சொல்கிறது. மாயிருடிங்கத்துக்கு ஆழ்கடலே அகழி என்கிறது. இலங்காசோகம் கடும்போரிலும் கலங்காத ஊர் என்கிறது. மாநக்கவாரத்தின், அதாவது நிக்கோபாரின், தேன் நிறைந்த சோலைகளையும் மறக்கவில்லை. எதிரிக்கும் அரண் உண்டு, வீரம் உண்டு என்று வென்றவனின் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. அந்த மரியாதைகூட நம் நாவல்களில் இல்லை.

1025-க்கு முன் அந்தக் கடலில் நடந்தவற்றை வைத்தே பத்து நாவல் எழுதலாம். ஜாவாவும் ஸ்ரீவிஜயமும் தலைமுறை கடந்து மோதின. சீனத்துக்குப் போகும் கப்பல்களை நீரிணையில் மறித்து ஸ்ரீவிஜயம் செல்வம் சேர்த்தது. சோழனின் பகைக்கு அதுவே காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர். அதே ஸ்ரீவிஜயத்து அரசன்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். வங்காளத்துத் துறவி அதீசர் ஏறக்குறைய 12 ஆண்டுகள் சுமத்ராவில் தங்கி, தர்மகீர்த்தி என்ற ஆசானிடம் பௌத்தம் பயின்றார். அவர் ஊர் திரும்பிய காலமும் சோழக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. அந்த ஆசானின் மடத்து வாசலில் நின்று ராஜேந்திரனின் கப்பல்களைப் பார்க்கும் ஒரு காட்சியை யாராவது எழுதியிருக்கிறார்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பெருமாள் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜேந்திரனுக்கு வெகுகாலம் முன்பே அது ஆண்டாள் பாட்டில் மணந்துவிட்டது. அந்தக் காலத்தில் உயர்ந்த கற்பூரத்துக்குப் பேர்போன துறை சுமத்ராவின் பாருஸ். காட்டுக்குள் நாள் கணக்கில் நடந்து, மரத்தைப் பிளந்து, வெடிப்புகளில் உறைந்த பளிங்கைச் சுரண்டி எடுத்தவர்கள் அந்தத் தீவின் காட்டு மக்கள். அதே பாருஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-இல் தமிழில் கல்வெட்டு நட்டிருக்கிறது. வந்து சேரும் கப்பல்காரர்கள் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டுப் பொன் கட்ட வேண்டும் என்கிறது. நமக்கும் அந்தத் தீவுக்கும் இருந்த உறவின் பெரும்பகுதி இந்தக் கணக்கு வழக்குதான். மரம் பிளந்தவனும் பொன் எண்ணியவனும் இல்லாமல் வாள் மட்டும் சுழல்கிற நாவலை வரலாற்று நாவல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கதைதானே என்ற வாதம் எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பாண்டிய நாடு. ராஜராஜன் வென்று, நாட்டின் பெயரையே ராசராசப் பாண்டிநாடு என்று மாற்றினான். ராஜேந்திரன் தன் மகனுக்குச் சோழபாண்டியன் என்று பட்டம் சூட்டி மதுரையில் உட்காரவைத்தான். பாண்டியன் தப்பியோடி ஈழத்தில் அடைக்கலம் வைத்த முடியைக் கவர்ந்த பெருமையையும் அந்த மெய்க்கீர்த்தி கடாரத்துக்கு முன்பே பாடிவிடுகிறது. தோற்றவர் பட்டியலில் நாமும் இருக்கிறோம். நம் முன்னோரை வெறும் பொம்மைகளாக நிறுத்தி ஒருவர் நாவல் எழுதினால், கதைதானே என்று பக்கம் புரட்டுவோமா? நமக்கு வலிப்பது கடாரத்தானுக்கும் வலிக்கும்.

தீவின் ஆட்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்ற சாக்கும் எடுபடாது. 1090-இல் கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர், ராஜவித்யாதர ஸ்ரீசாமந்தனும் அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தனும், சோழ மன்னன் குலோத்துங்கனிடம் வந்து நாகப்பட்டின விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டார்கள். ஆயிரத்தளி அரண்மனையில் இருந்தபடி குலோத்துங்கன் சம்மதித்தான். லெய்டன் சிறிய செப்பேடு என்று அறியப்படும் பட்டயத்தில் அந்த இருவர் பெயரும் உண்டு. படையெடுப்பு நடந்து 65 ஆண்டு கழித்து, வென்றவன் வழிவந்தவனிடம் நேருக்கு நேர் நின்று பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். குலோத்துங்கனை எழுதியவர்கள் எத்தனையோ பேர். இந்த இருவரையும் நான் ஒரு நாவலிலும் பார்க்கவில்லை.