முகமும் சான்றும்: பென்சில் உருவப்படக் கலையின் மூன்று மரபுகள்

காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்து, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர் தீரன் சின்னமலை. அவரை நேரில் பார்த்து எழுதிய படம் ஒன்றும் நம்மிடம் இல்லை. சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடுவுக்கோ புகைப்படங்கள் நிறைய உண்டு. பல்லடத்து மாணவர் ஒருவர் இவ்விருவரையும் ஒரே பென்சிலால் வரையலாம். ஆனால் இரு படங்களையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியாது. வரலாற்று மனிதர்களை வரையக் கற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டில் இக்கலைக்கு மூன்று மரபுகள் உண்டு.

முதலாவது, ஒப்புமை மரபு. ஆளையோ புகைப்படத்தையோ பார்த்து அச்சாக எழுதுவது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி இதற்கு முறையான பயிற்சி தந்தது. அரசு தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் நிலைகளில் கைவரைவும் மாதிரி வரைவும் இன்றும் பாடங்கள். கொங்கில் இம்மரபின் பெரிய பெயர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, கவிதையால் புகழ்பெறும் முன்பே உருவப்படம் எழுதிப் பிழைத்தவர். புகைப்படத்தில் கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கிய சினிமா பேனர் ஓவியர்களும் இவ்வழியினரே. அந்தக் கலையுலகிலிருந்து வந்த கோவை ஓவியர் ஜீவா, ‘திரைச்சீலை’ நூலுக்குத் தேசிய விருது பெற்றார்.

இரண்டாவது, கோட்டு மரபு. இங்கே அச்சு அசல் முக்கியமல்ல. ஆளின் இயல்பு கோட்டில் வர வேண்டும். கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்கள் இதன் உச்சம். பேனாவும் மையும் கொண்டு செய்தவை என்றாலும், எந்தக் கோட்டை விடலாம் என்பதைப் பென்சில் பிடிப்பவருக்கு அவற்றைவிட நன்றாகச் சொல்லித்தரும் பாடம் இல்லை.

மூன்றாவது, கற்பனை மரபு. முகம் தெரியாதவருக்கு முகம் தருவது. கே.ஆர். வேணுகோபால் சர்மா எழுதிய திருவள்ளுவர் படம் 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. இன்று தமிழர் மனத்தில் வள்ளுவர் என்றால் அந்த முகம்தான். ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு மணியம் வரைந்தவற்றில் ஆளின் முகம் கற்பனை என்றாலும், அணிகலனும் கொண்டையும் ஆடையும் பழைய சிற்பங்கள், ஓவியங்களிலிருந்து எடுத்தவை.

பாரதி ஒப்புமைக்கும் கற்பனைக்கும் இடையில் நிற்கிறார். அவருடைய புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஊரெல்லாம் தெரிந்த முண்டாசு முகமோ, விடுதலைப் போராட்ட வீரரான ஓவியர் ஆர்யா என்ற பாஷ்யம் எழுதியது. அந்த ஓவியத்தைப் பார்த்து வரைபவர் புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் வரைவது பாரதியை அல்ல, ஆர்யாவின் பாரதியை.

கைவேலையின் இலக்கணம் மூன்று மரபுக்கும் பொது. நிமிர்ந்து நேரே பார்க்கும் முகத்தில், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் கண் வரும். முகத்தின் அகலம் சுமார் ஐந்து கண் அகலம். கண்ணை மேலே ஏற்றி நெற்றியைக் குறுக்குவது தொடக்கநிலையில் அடிக்கடி வரும் பிழை. எச்பி பென்சிலால் மெலிதாக உருவம் கட்டி, 2பி, 4பி கொண்டு நிழல் ஏற்றி, கண்மணிக்கும் மீசைக்கும் 6பி வைக்கலாம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். விரலால் தேய்த்தால் தோலின் எண்ணெய்ப் பசை தாளில் கறையாகும். காகிதச் சுருளே நல்லது.

போட்டிகளில் தரம் பார்க்கும்போது நடுவர்கள் மரபைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாயுடு படத்தில் ஒப்புமை பிசகினால் மதிப்பெண் குறையட்டும். சின்னமலை படத்தில் ஒப்புமையைத் தேடுவது பொருளற்றது. உடை, வாள், தலைப்பாகை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பொருந்துகின்றனவா, வயது ஐம்பதைத் தாண்டாமல் இருக்கிறதா என்றே கேட்க வேண்டும். அவர் மறைந்தபோது அவருக்கு வயது 49.

நம் பள்ளிகளின் ஓவியப் போட்டிகளில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் மாணவர் ஒரு வரி எழுதட்டும்: எந்தப் புகைப்படத்தை, எந்தச் சிலையை, எந்த ஓவியத்தைப் பார்த்து வரைந்தேன், எது என் கற்பனை என்று. அந்த ஒரு வரியை நேர்மையாக எழுதத் தெரிந்த பிள்ளை, ஓவியத்தோடு வரலாற்றையும் கற்றுக்கொண்டுவிடும்.