வாயை மூடும் வித்தை

வில்லியம் ஃபுட் வைட் எழுதிய ‘ஸ்ட்ரீட் கார்னர் சொஸைட்டி’ 1943ல் வந்தது. 1955ஆம் வருஷப் பதிப்பில், தாம் ஆராய்ச்சி செய்த விதத்தை ஓர் அனுபந்தமாகச் சேர்த்தார். எனக்குப் புத்தகத்தைவிட அனுபந்தமே உசத்தி.

பாஸ்டனில் இத்தாலியர் வாழும் பேட்டையில் தங்கி, ஜனங்களோடு பழகி எழுதியவர் அவர். அப்போது இளைஞர், அந்த வேலைக்குப் புதிது. ஒரு நாள் சூதாட்டத் தொழிலில் இருந்த ஒருவர் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார். வைட் குறுக்கே புகுந்து, “போலீசாருக்கு மாமூல் போயிருக்குமே?” என்ற பாவனையில் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. மறுநாள் டாக் (புத்தகத்தில் வைத்த பெயர்) புத்தி சொன்னார்: யார், என்ன, ஏன் என்று குடையாதே; கூடவே இரு, கேட்காமலே பதில் வரும் என்று.

கேள்வித்தாளும் கையுமாகப் புறப்படுகிற பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு தரம் படிக்கலாம். ஆனால் சும்மா இருந்தாலும் தொல்லை தீரவில்லை. எதைச் செய்தாலும் வைட்டுக்கு எப்படி விளக்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, முன்பெல்லாம் தோன்றியபடி செய்வேன் என்று அதே டாக் பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். கதை எழுதுகிறவன் கற்பனை மனிதனிடம் இந்தக் கொடுமையைச் செய்யலாம். அவன் மறுநாள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. வைட் இதை மறைக்காமல் எழுதினாரே, அது பெரிய குணம். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கலாம்.